கோலாலம்பூர் இரண்டாம் டெர்மினல் வழியாகப் போகிறீர்களா? நம்ம ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம் பக்கத்து ஆட்களுக்கு மலேசியா புதிதில்லை. தாத்தா காலத்திலேயே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய குடும்பங்கள் நிறைய. இப்போது மகனைப் பார்க்க, பேத்திக்குப் பேர் வைக்க என்று ஏர்ஏசியா என்கிற மலேசிய மலிவு விமானத்தில் போகிறவர்கள் எல்லாரும் கோலாலம்பூரின் இரண்டாம் டெர்மினலில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. ஒரே கேள்வியை நாளைக்கு ஆறு தடவை கேட்கிறார்கள், அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து எந்த வழி நல்லது?

தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கிற வாகைகுளத்தில் ஏறி நேராகப் போக முடியாது, அங்கிருந்து உள்நாட்டு விமானம் மட்டும்தான். நமக்குப் பக்கம் என்றால் திருவனந்தபுரம், அடுத்தது திருச்சி. இரண்டு இடத்திலிருந்தும் ஏர்ஏசியா கோலாலம்பூருக்குப் பறக்கிறது. திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர்தான், ஆனால் நாகர்கோவில் தாண்டினதும் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் வண்டி நின்றுவிட்டால் அந்தக் கிலோமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. ஒரு மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்குக் காலை வந்தே பாரத்தில் ஏறினால் ஏறத்தாழ நாலு மணி நேரம், அங்கே 2024 ஜூனிலிருந்து புது டெர்மினல் நடக்கிறது, ஸ்ரீரங்கம் கோபுரத்து வர்ணமெல்லாம் அடித்து விசாலமாக இருக்கிறது. ராத்திரி விமானம் என்றால் திருச்சி, வாடகைக் காரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் திருவனந்தபுரம். என் கடையில் நான் சொல்கிற கணக்கு அவ்வளவுதான்.

அங்கே இரண்டு டெர்மினல் இருக்கிறதாமே, நம்முடையது எது?

ஏர்ஏசியா என்றால் இரண்டு. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் என்றால் ஒன்று. திரும்பி வரும்போது டாக்ஸிக்காரரிடம் வெறுமனே "ஏர்போர்ட்" என்று சொல்லி ஒன்றில் போய் இறங்கிவிட்டு வியர்த்து வழிந்தவர்கள் என்னிடமே இரண்டு பேர் இருக்கிறார்கள். அப்படி ஆனால் பதறாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது, மூன்று நிமிடம், இரண்டு ரிங்கிட். இலவச பஸ்ஸும் உண்டு.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2001ல் டோனி ஃபெர்னாண்டஸ் பெயருக்கு ஒரு ரிங்கிட் கொடுத்து, கடன் சுமையோடு ஏர்ஏசியாவை வாங்கினார். டிக்கெட் விலையை இறக்கினார், கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. பெரிய டெர்மினலில் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று 2006 மார்ச்சில் தனியாக ஒரு மலிவு டெர்மினல் கட்டிக் கொடுத்தார்கள். ஒற்றைத் தளம், ஏரோபிரிட்ஜ் கிடையாது, விமானம் வரைக்கும் நடந்துபோய்ப் படியேற வேண்டும். பெரிய சைஸ் கல்யாண மண்டபத்துக்குப் பின்கட்டு மாதிரி இருக்கும். நான் அதில் போயிருக்கிறேன், சும்மா சொல்லக் கூடாது, வாசலிலிருந்து கேட்டுக்குப் பத்து நிமிடம்தான். வருடத்துக்கு ஒரு கோடிப் பேர் என்று கட்டி, அது பத்தாமல் இன்னும் இழுத்துக் கட்டி, அதுவும் பத்தாமல்தான் 2014 மே 2ஆம் தேதி இப்போதைய இரண்டாம் டெர்மினலைத் திறந்தார்கள். வருடத்துக்கு நாலரைக் கோடிப் பேர் வந்து போகிற அளவு. பழைய மண்டபத்தை அடுத்த வாரமே மூடிவிட்டார்கள்.

நடக்கிற தூரம் ரொம்ப என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மலிவு டிக்கெட் என்றால் மலிவான கட்டிடம் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெர்மினல் மட்டும் இரண்டரை லட்சம் சதுர மீட்டருக்கு மேல். ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கினால் முதலில் ஒரு முழு மால், அதைக் கடந்தால்தான் செக்-இன். அப்புறம் இமிக்ரேஷன், சோதனை, அதைத் தாண்டினால் மறுபடியும் கடைகள். உங்கள் கேட் பி (P) அல்லது க்யூ (Q) என்று ஆரம்பித்தால் தனிக் கட்டிடத்தில் இருக்கிறது, அதற்கு மேலேறி ஒரு பாலம் வழியாகப் போக வேண்டும். 300 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் கண்ணாடி, கீழே விமானம் ஊர்ந்து போவது தெரியும். பிள்ளைகளுக்கு அது திருவிழா. என் அத்தைக்கு முட்டிவலி, அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது இமிக்ரேஷன் தாண்டியதிலிருந்து கேட் நாற்காலியில் உட்காரும் வரைக்கும் 35 நிமிடம் ஆனது. நடுவில் நகரும் நடைபாதை இருக்கிறது, ஆனால் அதில் ஏறுவதற்கே அத்தை "நான் விழுந்துருவேன்டா" என்று ஓரமாகவே நடந்தாள். பாலத்தின் நடுவில் நின்று, செருப்பைக் கழற்றிக் காலை ஒரு தடவை உதறிவிட்டு, "நம்ம நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தை நாலு தடவை சுத்திட்டேன்" என்றாள்.

கவுன்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே மூடிவிடும், கேட் 20 நிமிடத்துக்கு முன்னால். ஆகவே மூன்று மணி நேரம் முன்னதாக இருங்கள். வயதானவர்கள் என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைத்தால் உண்டு. நடக்க முடிகிறவர்தானே, கௌரவக் குறைச்சல் என்று பார்க்காதீர்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு நடக்கிற காலும் இந்த டெர்மினலுக்கு நடக்கிற காலும் ஒன்றில்லை.

ஏழு கிலோவா? அல்வாவே மூணு கிலோ வருமே அண்ணாச்சி?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையில் கொண்டுபோகிற பெட்டி, கூடவே ஒரு சின்னப் பை, இரண்டும் சேர்த்து ஏழு கிலோ. தனித்தனியாக ஏழு இல்லை. பெட்டியின் அளவு 56க்கு 36க்கு 23 சென்டிமீட்டர். சக்கரமும் கைப்பிடியும் அந்தக் கணக்கில் சேரும்.

ஒரு பெரியம்மாவை வழியனுப்பப் போயிருந்தேன், எந்த ஏர்போர்ட் என்பது வேண்டாம். தராசில் 8 கிலோ 400. கவுன்டர் பெண் முகத்தை நிமிர்த்தாமலேயே குறைக்கச் சொன்னாள். பெரியம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மேலே சேலை, அதற்குக் கீழே ஒரு கிலோ அல்வா டப்பா மூன்று, டப்பாவைச் சுற்றி நியூஸ்பேப்பர், பேப்பரெல்லாம் நெய்யில் ஊறி எழுத்து கண்ணாடி மாதிரி தெரிகிறது. அடியில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு பொட்டலம். எதை விடுவது? ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள், மறுபடி வாங்கி வைத்தாள், கடைசியில் இரண்டு சேலையை எடுத்து உடுத்தியிருந்த சேலைக்கு மேலே சுற்றிக்கொண்டு கருப்பட்டியை என்னிடம் கொடுத்தாள். அல்வா போய்விட்டது. சோதனையில் அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார்களாம். கெட்டியான உருண்டை ஸ்கேனரில் என்னவோ போலத் தெரிந்தால் திறந்து பார்க்கத்தான் செய்வார்கள்.

அதனால் நான் சொல்வது, டிக்கெட் போடும்போதே 20 கிலோ செக்-இன் வாங்கிவிடுங்கள். அப்போது வாங்கும் விலை வேறு, ஏர்போர்ட்டில் நின்று வாங்கும் விலை வேறு. மலிவு விமானத்துக்கு லாபமே இந்த இடத்தில்தான். கருவேப்பிலைக் கட்டு, செடி, விதை, பழம், இறைச்சி இதையெல்லாம் அனுமதி இல்லாமல் அங்கே இறக்க விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது.

புது டெர்மினலில் தரையே இறங்கிவிட்டதாமே? பயமில்லையா?

இது வாட்ஸ்அப் புரளி இல்லை, பாதி நிஜம். டெர்மினல் திறந்த வருடமே, விமானம் நிறுத்தும் இடத்திலும் அது ஊர்ந்து போகிற பாதையிலும் அங்கங்கே தரை அமுங்கி மழைத் தண்ணீர் குளம் குளமாக நின்றது. ஏர்ஏசியாவே வெளிப்படையாகப் புகார் சொன்னது. பயணிகள் இருக்கும் கட்டிடம் இறங்கவில்லை.

காரணம் நம்ம ஊரில் வீடு கட்டினவர்களுக்குச் சட்டென்று புரியும். கங்கைகொண்டான் பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டுகிறோம். வீட்டுக்கு ஆழமாகப் பில்லர் போடுவோம், முன்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு நாலு லோடு மண்ணடித்து மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவோம். இரண்டு மழைக்காலம் போனால் வீடு நின்ற இடத்தில் நிற்கும், முற்றம் நாலு விரல் கீழே போயிருக்கும், வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே பல்லி புகுந்து போகிற அளவு இடைவெளி. அந்த ஏர்போர்ட் இருக்கிற சிப்பாங்கில் நடந்ததும் இதுதான். செம்பனைத் தோட்டமும் இளகின சதுப்பு மண்ணும் இருந்த பூமி. கட்டிடம் ஆழமாகப் பைல் தூண் அடித்து நிற்கிறது, பக்கத்துத் தரை கொட்டி நிரப்பின மண்மேல் நிற்கிறது. ஒன்று இறங்காது, இன்னொன்று இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்கிற இடத்தில் பள்ளம்.

அதற்கு பாலியூரித்தேன் என்கிற நுரைமாதிரி பசையைத் தரைக்கடியில் ஏற்றி அமுங்கின இடத்தைத் தூக்கினார்கள், அப்புறம் விமானம் நிறுத்தும் இடங்களில் கான்கிரீட் பலகை போட்டார்கள். விமானம் இறங்குகிற ஓடுபாதை வேறு, இது நிறுத்துகிற இடம், அதனால் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு இதில் தோன்றுவது என்னவென்றால், முதலில் போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்காகி 400 கோடி ரிங்கிட் வரைக்கும் போன கட்டிடம் அது. அவ்வளவு செலவழித்தும் பயணி கண்ணில் படாத மண்ணில்தான் சறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடிப் பாலம் பளபளவென்று இருந்தது, தண்ணீரில் நடந்தது பெட்டி தூக்குகிற பையன்கள்.

ஏரோட்ரெயின் ஓடவில்லை என்றார்களே?

அது ஒன்றாம் டெர்மினல் சமாச்சாரம், அங்கே உள்ளேயே கேட் இருக்கிற கட்டிடத்துக்குக் கூட்டிப் போகிற குட்டி ரயில். 1998லிருந்து ஓடின வண்டி, 2023 மார்ச்சில் நிறுத்தி, பஸ் விட்டுச் சமாளித்து, 2025 ஜூலை 1ஆம் தேதிதான் புது வண்டி ஓடியது. மறுநாளே கொஞ்ச நேரம் நின்றும் போனது. நமக்குப் பாதிப்பு இல்லை, இரண்டாம் டெர்மினலில் கேட்டுக்குப் போக ரயிலே கிடையாது, கால்தான்.

டிக்கெட் குறைவாகக் காட்டிவிட்டு வரி வரியாக ஏற்றுகிறார்களே, அது யாருக்குப் போகிறது?

எல்லாம் கம்பெனிக்குப் போவதில்லை. அதில் பயணிகள் சேவைக் கட்டணம் என்று ஒன்று ஏர்போர்ட் நடத்துகிறவர்களுக்குப் போகிறது. கக்கூஸ் கழுவுவது, ஏசி, நடைபாதை ரிப்பேர் எல்லாம் அதிலிருந்துதான். இரண்டாம் டெர்மினலில் பெரிய சண்டையே இதற்காக நடந்தது. 2018ல் ஒன்றாம் டெர்மினல் மாதிரியே இங்கேயும் 73 ரிங்கிட் என்று ஏற்றினார்கள். ஏர்ஏசியா, "அங்கே இருக்கிற வசதி இங்கே இல்லை, 50தான் வாங்குவோம்" என்று முரண்டு பிடித்தது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2024 ஜூன் முதல் ஆசியான் என்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளைத் தாண்டிப் போகிற பயணிக்கு ஒன்றில் 73, இரண்டில் 50 என்று பிரித்துவிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம்? கம்பெனிக்காரன் தகரக்கொட்டகை போதும் என்றான், ஏர்போர்ட்காரன் மால் வைத்துக் கட்டினான். மாலில் கடை வாடகை ஏர்போர்ட்டுக்கு, கால் வலி நமக்கு. என்னைக் கேட்டால் 50 ரிங்கிட் கொடுத்துவிட்டுச் சுத்தமான கழிப்பறை கிடைத்தால் நான் ஒன்றும் பேச மாட்டேன்.

விசா வேண்டுமா? ஏதோ கார்டு போட 500 ரூபாய் கேட்கிறார்களே?

இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம், இந்தச் சலுகையை 2026 கடைசி வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கார்டு என்பது டிஜிட்டல் வருகை அட்டை. இறங்குகிற நாளுக்கு மூன்று நாள் முன்னாலிருந்து மலேசிய இமிக்ரேஷனின் சொந்த வலைத்தளத்தில் நிரப்பலாம், பைசா கிடையாது. நம்ம ஊரிலேயே ஒரு கடையில் இதற்கு 500 வாங்கியதை ஒரு தம்பி என்னிடம் ரசீதோடு காட்டினான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. பெயரில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ அப்படியே, பாஸ்போர்ட்டைப் பார்த்து அடியுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குகிற வீட்டு முகவரியும் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

பினாங்குக்கு மாறிப் போக வேண்டும். தனித்தனி டிக்கெட் போட்டால் மலிவாகத் தெரிகிறதே?

தெரியும். ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் கோலாலம்பூரில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மேலேறி மறுபடி செக்-இன் பண்ண வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை, புது டிக்கெட் உங்கள் காசு. ஒரே டிக்கெட்டாகப் போட்டால் மாற்றி விடுகிற கடமை அவர்களுக்கு உண்டு. தனித்தனியாகத்தான் போடுவேன் என்றால் நடுவில் நாலு மணி நேரம் விடுங்கள். இரண்டு மணி நேரம் போதும் என்று வாதாடின ஒருவர், போன தீபாவளிக்கு பினாங்கில் இலை போட்ட பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

ராத்திரி அங்கேயே படுக்கலாமா? நகரத்துக்கு எப்படிப் போவது?

படுக்கிறார்கள். ஏசி குளிரும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மாலுக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்குப் படுக்கை இருக்கிறது, பெட்டிக்குள் படுக்கிற மாதிரி, இளவட்டங்களுக்குச் சரி. நகரத்துக்கு ரயிலில் 33 நிமிடம், 55 ரிங்கிட். பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ் நிற்பது ஒன்றாவது தளம். நான்கு பேர் என்றால் வாடகைக் கார்தான் லாபம்.

வாகைகுளமும் ஒரு நாள் இப்படி ஆகுமா?

எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள், ஆனால் உள்ளுக்குள் ஆசை இருக்கிறது. 1992ல் திறந்த ஏர்போர்ட். 1,350 மீட்டர் ஓடுபாதையை வைத்துக்கொண்டு ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த சின்ன விமானம் மட்டும் வந்து போனது. இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டியாயிற்று. சுமார் 450 கோடி ரூபாயில் புது டெர்மினல், 17,340 சதுர மீட்டர், 2025 ஜூலை 26ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். நெரிசல் நேரத்தில் 1,350 பேர், வருடத்துக்கு 20 லட்சம் பேர் என்று கணக்கு. ஏர்பஸ் 321 இறங்கலாம்.

ஓடுபாதை நீண்டால் விமானம் தானாக வந்துவிடாது. கம்பெனிக்காரன் பார்ப்பது, 180 சீட்டை வருடம் முழுக்க நிரப்ப முடியுமா, வந்து 25 நிமிடத்தில் திரும்பக் கிளம்ப முடியுமா என்றுதான். மலிவு விமானம் நின்றால் நஷ்டம், டவுன் பஸ் மாதிரி சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பெட்டி சீக்கிரம் வர வேண்டும், வரிசை சீக்கிரம் நகர வேண்டும். சின்ன ஏர்போர்ட்டுக்கு அதில் ஒரு வசதி உண்டு, வாசலில் இறங்கினால் கேட் கண்ணுக்குத் தெரிகிறது. அத்தை 35 நிமிடம் நடந்த பாலமெல்லாம் இங்கே வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பயம் மூன்றாவது வருடத்தை நினைத்துத்தான். வேறொரு ஊரில், புதிதாகத் திறந்த ஒரு டெர்மினலுக்கு எட்டு மாதம் கழித்துப் போனேன். கழிப்பறையில் தண்ணீர் பீச்சுகிற குழாய் கிழிந்து, அதை யாரோ ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருந்தார்கள், சுற்றின இடத்திலிருந்து மூன்று பக்கமும் பிசிறி அடிக்கிறது. சோப்பு டப்பா காலி, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சோப்புத் தண்ணீர், மூடியில் ஆணியால் குத்தின ஓட்டை. வெளியே சுவர் முழுக்கக் கலைநயமான ஓவியம். அந்த ஆணி ஓட்டை போட்ட ஆள் யாரோ, அவர்தான் அந்தக் கட்டிடத்தில் பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். வாகைகுளத்தில் போனால் முதலில் கழிப்பறையைப் பாருங்கள், குறையிருந்தால் எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் திருநெல்வேலியிலிருந்து நேர் பஸ் வேண்டும். தூத்துக்குடி ரோட்டில் டோல்கேட் பக்கம் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் நடக்கிற ஆளுக்கு 3,115 மீட்டர் ஓடுபாதை என்ன பிரயோஜனம்?

திருநெல்வேலிக்கென்று தனியாக ஒன்று வராதா?

பக்கத்திலேயே வாகைகுளம் இருக்கும்போது எதற்கு? கயத்தாறில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை கிடக்கிறதே என்று ஒரு பெரியவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிடக்கட்டும்.

அம்மா தனியாகப் போகிறாள், தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. சமாளிப்பாளா?

சமாளிப்பாள். அந்த டெர்மினலில் துடைப்பம் பிடிக்கிறவரிலிருந்து ரொட்டி சானாய் போடுகிறவர் வரைக்கும் தமிழ் பேசுகிற ஆள் கிடைப்பார், "அம்மா எங்க போகணும்" என்று அவர்களே கேட்டு வருவார்கள். சக்கர நாற்காலி போட்டுவிடுங்கள், தள்ளுகிறவர் இமிக்ரேஷன் தாண்டிப் பெட்டி எடுக்கும் வரைக்கும் கூடவே இருப்பார். ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் மகன் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, விமான நம்பர் நான்கும் எழுதி, வருகை அட்டைப் பிரிண்டோடு பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக் கொடுங்கள். போனை மட்டும் நம்பாதீர்கள், இறங்கினதும் சிம் வேலை செய்யாது, சார்ஜும் இருக்காது. 50 ரிங்கிட் நோட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். கைப்பையை எங்கேயாவது வைத்துவிட்டு வந்தாலும் முந்தானை கூடவேதான் வரும்.